துருக்கியில் எழுத்து மாறிய வருஷம்

இஸ்தான்புல்லுக்குப் போகிறவர்கள் தோப்காபி அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் அரண்மனையின் பெரிய வாசலுக்கு எதிரே இருக்கும் தண்ணீர் மண்டபத்தின் முன் நிற்கிறவர்கள் குறைவு. நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். மூன்றாம் அகமது என்ற சுல்தான் 1728-ல் கட்டியது அது. வீதியில் போகிறவர்கள் தாகம் தீர்த்துக் கொள்வதற்கு எத்தனை ஆடம்பரம்! அகலமாக இறங்கும் கூரை, அதன் மேல் சின்னச் சின்னக் கும்மட்டங்கள், சுவர் நிறையப் பூவேலை. பூக்களுக்கு மேலே நாலு பக்கமும் பொன்னிற எழுத்தில் ஒரு கவிதை ஓடுகிறது.

அந்த ஊர்க்காரர் யாரையாவது நிறுத்தி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரித்துக் கொண்டே தோளைக் குலுக்குவார். இத்தனைக்கும் கவிதை அவருடைய சொந்தப் பாஷையில்தான் இருக்கிறது. எழுத்துத்தான் தெரியாது!

இந்த வேடிக்கை எப்படி நேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால், சரிவில் இறங்கி என்னோடு குல்ஹானே பூங்காவுக்கு வாருங்கள். பழைய நாளில் இது அரண்மனைத் தோட்டம். பெரிய மரங்களின் நிழலிலேயே நடந்து, கடற்கரைச் சாலையைத் தாண்டினால் சராய்புர்னு என்னும் முனை. மூன்று பக்கமும் தண்ணீர். அங்கே முஸ்தபா கமால் பாஷாவின் சிலை நிற்கிறது. 1926-ல் அவர் உயிரோடிருக்கும்போதே வைத்தது. (அட்டாதுர்க் என்ற பெயர் அவருக்கு 1934-ல்தான் வந்தது.)

1928, ஆகஸ்ட் 9-ந் தேதி இரவு இந்த இடத்தில் ஒரு விருந்து. பாட்டு, வாத்தியம், தீபாலங்காரம் எல்லாம் அமர்க்களம். நடுவே கமால் பாஷா எழுந்து, தாம் எழுதிய சில குறிப்புகளை நண்பர் ஃபாலிஹ் ரிஃப்கியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். அந்தக் குறிப்புகள் லத்தீன் எழுத்தில் இருந்தன. இனித் துருக்கி பாஷைக்கு இதுதான் எழுத்து. ஒவ்வொருவரும் கற்றுக் கொண்டு மற்றவர்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்றார்.

அரபு எழுத்தில் என்ன குறை என்று கேட்பீர்கள். அரபு பாஷைக்கு அது பொருத்தமானதுதான். ஆனால் துருக்கியில் உயிர் ஒலிகள் எட்டு. அவற்றில் நாலுக்கு அரபில் ஒரே எழுத்து. 'ஆனார்' என்பதற்கும் 'இறந்தார்' என்பதற்கும் துருக்கியில் உள்ள சொற்கள், பேசும்போது வேறு, எழுதினால் ஒன்று. 'மெஹ்மத் பாஷா ஆனார்' என்று படிப்பதா, 'மெஹ்மத் பாஷா இறந்தார்' என்று படிப்பதா? பதவி கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்லப் போவதா, துக்கம் கேட்கப் போவதா? துருக்கியர்களே சொல்லிச் சிரிக்கும் கதை இது.

மாற்றத்துக்குப் பல வருஷங்கள் வேண்டும் என்றார்கள் பண்டிதர்கள். மூன்று மாதத்தில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது என்றார் கமால் பாஷா. அப்படியே நடந்தது! அவரே ஊர் ஊராகப் போய்க் கரும்பலகை முன் நின்று பாடம் எடுத்தார். நவம்பர் 1-ந் தேதி சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 1 முதல் பத்திரிகைகள் புது எழுத்தில் வந்தன. வாங்குகிற ஆட்கள் சட்டென்று குறைந்துபோக, சர்க்கார் பண உதவி செய்து அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வயசான மௌல்விகளையும் ஆசிரியர்களையும் நினைத்துப் பாருங்கள். நேற்று வரை ஊருக்கே கடிதம் படித்துச் சொன்னவர்கள், விடிந்ததும் கைநாட்டுப் பேர்வழிகள்!

ஆனால் அந்தக் கடிதங்களைக் கொண்டு வந்து நீட்டியவர்கள் யார்? 1927 ஜனக் கணக்கின்படி துருக்கியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் போல. பெண்களில் அதிலும் குறைவு. 1929 ஜனவரியில் 'தேசத்தின் பள்ளிக்கூடங்கள்' திறந்தபோது, பிள்ளை பெற்ற தாய்மார்களும் சிலேட்டுப் பாடம் படிக்க வந்தார்கள். பட்டாளத்திலிருந்து மகன் எழுதும் கடிதத்தை இனி அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. பண்டிதர்களின் நஷ்டத்தை நான் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனாலும் தராசில் இந்தத் தட்டுத்தான் எனக்குக் கனமாகத் தெரிகிறது.

இன்னொரு தட்டையும் பார்க்க வேண்டுமானால் 'தங்கக் கொம்பு' என்னும் உப்பங்கழியில் படகேறி எயூப் போய் இறங்குங்கள். மசூதிக்குப் பின்னால் குன்றுச் சரிவு முழுதும் பழைய கல்லறைகள். தலைப்பாகை செதுக்கிய கல் ஆணுடையது. ரோஜாவும் கொடியும் செதுக்கியது பெண்ணுடையது. பூவைப் பார்த்துப் பெண் என்று யாரும் சொல்லி விடலாம். அவள் யார், யாருடைய மகள், எந்த வருஷம் போனாள் என்பதெல்லாம் பூவுக்குக் கீழே இருக்கிறது, பழைய எழுத்தில்.

பாட்டியின் பெட்டியில் கிடக்கும் கடிதக் கட்டும் அப்படித்தான். அதைப் படிப்பதற்கென்றே பேத்திகள் சிலர் இப்போது பழைய எழுத்தை முதலிலிருந்து கற்கிறார்கள். அதற்கு வகுப்புகள் நடக்கின்றன. எயூப் சரிவில் ஏறும்போது, ஒரு கல்லின் மேல் விரலை வைத்து, வலமிருந்து இடமாக எழுத்துக் கூட்டிக் கொண்டிருக்கும் பெண் யாராவது கண்ணில் பட்டால், சத்தம் போடாமல் கொஞ்சம் ஒதுங்கிப் போங்கள்.