காஹாங் குளத்துக் கள்வர்கள்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் கடற்கரைக்குப் போயிருக்கும் வாசகர்கள் காஹாங்கைக் கடந்துதான் போயிருப்பீர்கள். சாலையின் இரு பக்கமும் செம்பனை, நடுவே சிறு பட்டணம், சில வரிசைக் கடைகள். அவ்வளவுதான் கண்ணில் பட்டிருக்கும். இங்கிருந்து தோட்டப் பாதைகளின் வழியே 56 கிலோமீட்டர் போனால் ஜாக்குன் பூர்வகுடி மக்கள் வாழும் பெத்தா கிராமம். அதற்கப்பால், 1993-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட எண்டாவ் ரொம்பின் பெருங்காடு. ஆகவே காஹாங் என்றதும் வெளியூர்க்காரர்கள், "அங்கே யானை வருமாமே, புலி வருமாமே?" என்று என்னைக் கேட்பார்கள். வரும்தான். ஆனால் எங்கள் லயத்துப் பெண்கள் தினமும் பயப்படுவது யானைக்கு அல்ல. வாத்துக் குஞ்சைத் திருடும் சிறிய கள்வர்களுக்கு!

லயத்துக்குக் கீழே, செம்பனைக்கு நடுவில் எங்கள் குளம் இருக்கிறது. கரையெல்லாம் கங்கோங் கீரையும் லாலான் புல்லும். விடியற்காலையில் அங்கே போய் நின்றால், 'ருவாக் ருவாக்' என்று கத்திக்கொண்டு கானாங்கோழி தன் கரிக்கட்டைக் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓடுவதைக் காணலாம். சில மாதங்களில் சீழ்க்கை வாத்துகளும் வரும். மரப்பொந்திலே முட்டையிட்டு, பொரித்த குஞ்சுகளைத் தரையில் குதிக்கவைத்துத் தண்ணீருக்கு நடத்திப் போகும் காட்டு வாத்து அது. முதல் நாள் தாயின் பின்னே ஒன்பது குஞ்சு என்று எண்ணுவேன். அடுத்த வாரம் நான்கு. மற்றவை எங்கே போயின என்று அக்காலத்தில் நான் யோசித்ததில்லை. காட்டுப் பறவைதானே!

சொந்தமாக வளர்த்தால்தான் அந்தக் கணக்கு உறைக்கிறது. எங்கள் லயத்தில் ஒரு அக்கா இருக்கிறார். புல் வெட்டும் வேலை. கணவர் காலமாகிவிட்டார். மகள் ஆறாம் படிவம் படிக்கப் பட்டணத்துக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். வாத்து வளர்த்துப் பெருநாள் சமயங்களில் விற்பார். சாதாரண நாட்டு வாத்து சரியாக அடைகாக்காது. ஆகையால் கோழியின் வயிற்றுக்கடியில் முட்டைகளை வைத்தார். கோழிமுட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28. கோழியும் பொறுமையாக உட்கார்ந்து பதினொரு குஞ்சு பொரித்தது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள், சிரிப்பும் பரிதாபமுமான காட்சி அது. குஞ்சுகள் தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடும். வளர்த்த கோழியோ கரையில் நின்று கதறும். காவல் காக்க வேண்டிய தாயால் காலை நனைக்க முடியாது.

நாலாம் நாள் ஒன்பதுதான் இருந்தது. மறுநாள் எட்டு.

"வாத்தியாரே, அந்த உடும்புதான்!" என்றார் அக்கா. சந்தேகப்பட நியாயமும் இருந்தது. ஆறடி நீள நீருடும்பு ஒன்று தினமும் எதிர்க்கரையில் வெயில் காயும். நம் பாட்டன்மார் தமிழ்நாட்டில் கண்டது தரையுடும்பு. இது வேறு சாதி, நீரில் மூழ்கி நீந்தக் கூடியது. பியாவாக் என்று நம் பிள்ளைகளும் மலாய்ப் பெயரிலேயே சொல்லும். முட்டை, குஞ்சு, எலி, பாம்பு, செத்த பிராணி எதையும் விடாது.

லயத்துப் பையன் ஒருவன் அக்காவின் மேல் உள்ள பரிவால் கோழிக்குடலில் மருந்து தடவிக் கரையில் போட்டான். அதை உடும்பு தின்னவில்லை. அவனுடைய நாயே தின்றது. அன்று பள்ளியில் அவன் மேசையில் கவிழ்ந்து அழுததை நான் சீக்கிரம் மறக்கமாட்டேன். திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மாலை பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளை எடுத்துக்கொண்டு குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். ('வாத்து வாத்தியார்' என்று பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்தது அப்போதுதான்.) உடும்பு எதிர்க்கரையிலேயே படுத்திருந்தது. குஞ்சுகள் நடுக்குளத்தை நெருங்கின. 'குபுக்'கென்று ஒரு சத்தம். தண்ணீர் சுழித்தது. ஒரு குஞ்சு இல்லை! ஓர் இறகுகூட மிதக்கவில்லை.

பக்கத்துக் கம்பத்திலிருந்து தூண்டில் போட வரும் மலாய்ப் பெரியவரிடம் சொன்னேன். அவர் தண்ணீரில் ஓரிடத்தைக் காட்டினார். சிவந்த பொடி மீன்கள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. "தோமான் குஞ்சு காக்கிறது" என்றார். தோமான் நம் விராலுக்குப் பெரியப்பா முறை. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். தன் பொடிகளுக்கு அருகில் எது நீந்தினாலும் தாய்மீனும் தகப்பன்மீனும் பாயும். அக்காவின் பிள்ளைகளைத் தின்றது, தன் பிள்ளைகளைக் காத்த இன்னொரு பெற்றோர்! பெரியவர் தவளையைக் கோத்து இரண்டு மாலைகளில் இரண்டையும் பிடித்துப் போனார். பிறகு தண்ணீரில் குஞ்சு காணாமல் போகவில்லை.

உடும்பு நிரபராதி என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் கரையோரம் மேய்ந்த ஒன்றைப் பட்டப்பகலில் அதே உடும்பு கவ்விப் போனதை நானே கண்டேன்.

கள்வர்களுக்கு நேரமும் அடையாளமும் உண்டு. நடுத்தண்ணீரில் சத்தமின்றி மறைந்தால் மீன். பகலில் கரையிலிருந்து போனால் உடும்பு அல்லது பருந்து. இரவில் தலை கடிபட்ட உடல் கிடந்தால் மரநாயையோ காட்டுப்பூனையையோ நினைக்கலாம். காலையில் கூட்டுக்குள்ளேயே மலைப்பாம்பு சுருண்டு கிடப்பதும் உண்டு. கம்பி இடுக்கில் நுழைந்துவிடும். விழுங்கிய பிறகு வயிறு பெருத்து வெளியேற முடியாது. எலித்தொல்லைக்காகத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து வளர்க்கும் வெள்ளாந்தையைச் சிலர் பழிக்கிறார்கள். பாவம், அதன் சாப்பாடு பெரும்பாலும் எலிதான்.

அடித்துக் கொல்லலாமே என்பீர்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பும் மலைப்பாம்பும் பாதுகாக்கப்பட்டவை; உரிமம் இல்லாமல் வேட்டையாட முடியாது. காட்டுப்பூனைக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு. தொல்லை பொறுக்க முடியாமல் போனால் பெர்ஹிலித்தான் இலாகாவிடம் சொல்ல வேண்டும். மருந்து வைப்பதோ, நான் சொன்னேனே, யார் வாயில் போகும் என்று வைத்தவனுக்கே தெரியாது.

அக்காவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடு கட்டினோம். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை, மேலேயும் வலை. உடும்பு தோண்டும் என்பதால் பழைய தகரத்தை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்கினோம். குஞ்சுகளுக்கு முதல் இரண்டு மாதம் குளம் கிடையாது. அலுமினியத் தட்டில் தண்ணீர்தான். பொழுது சாயுமுன் கதவு சாத்தியாக வேண்டும். மிஞ்சிய ஆறும் வளர்ந்தன. நான்கை விற்றார், இரண்டை முட்டைக்கென்று நிறுத்திக்கொண்டார்.

நாயை இழந்த பையன்தான் இப்போது தினமும் கூட்டின் கதவைச் சாத்துகிறான். உடும்பு இன்னும் எதிர்க்கரையில்தான் படுத்திருக்கிறது. அக்கா போன வெள்ளிக்கிழமை பதினான்கு முட்டை அடை வைத்திருக்கிறார். 28-ஆம் நாளை எங்கள் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.