இடையில் இறங்கும் இடம்

சென்ற ஆண்டு மார்கழியில் எம் அன்னையார் இலண்டனுக்குப் பயணமானார். அங்குள்ள எம் தங்கைக்குப் பேறுகாலம். அன்னையார் எழுபதைக் கடந்தவர். அட்டனுக்கு அருகே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழன்றிப் பிறமொழி அறியாதவர். பயணச்சீட்டில் 'நேரடிப் பயணம்' என்றிருந்தது. விமான இலக்கமும் ஒன்றே. பிற்பகல் 1 மணிக்குப் புறப்பாடு; இரவு 11 மணிக்கு இலண்டன். பத்து மணி நேரந்தானே என்றெண்ணி, "விமானம் இறங்கினால் அதுவே இலண்டன், அம்மா" என்று சொல்லி அனுப்பினோம்.

இறங்கியது வளைகுடா நாடொன்றில்! எல்லோரும் இறங்கவே அன்னையாரும் இறங்கி, மகள் வருவாளென ஓர் ஆசனத்தில் காத்திருந்தார். அங்கே துப்புரவுப் பணி செய்த தமிழ்ச் சகோதரர் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது இலண்டன் இல்லை அம்மா, வேறு விமானம் ஏறவேண்டும்" என்று கூறி, உரிய வாயில்வரை அழைத்துச் சென்றாராம். அவர் கண்ணிற் படாதிருந்தால்?

கல்லூரியில் கற்பிக்கும் நாம் கணக்கில் தவறினோம். சீட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் இலண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. ஆகவே, பயணம் பதினைந்தரை மணி. இடைநில்லா விமானம் ஏறக்குறைய 11 மணியில் சென்றுவிடும். எஞ்சிய நேரம் எங்கே போயிற்று என்று நாம் கேட்டிருக்க வேண்டாவா?

விமானத் தொழிலில் 'நேரடி' வேறு, 'இடைநில்லா' வேறு. ஒரே இலக்கத்தின்கீழ் விமானம் இடையில் இறங்கலாம்; சில வேளை விமானமே மாறலாம். இதனை முன்கூட்டியே பயணிக்குத் தெரிவிக்கவேண்டுமென அமெரிக்க அரசு 1999 இல் விதி வகுத்தது. சீட்டு வாங்குவோர் மூன்று வினாக்களைத் தவறாது கேட்பாராக: எத்தனை இடத்தில் நிற்கும்? விமானம் மாறவேண்டுமா? மொத்தம் எத்தனை மணி?

திரும்பி வந்த அன்னையாரிடம் எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவரோ சிறுமிப் பருவத்தில் தந்தையாருடன் இந்தியா சென்று திரும்பியதை நினைவுகூர்ந்தார். இராமேசுவரத்தில் கப்பல், தலைமன்னாரில் ரயில், பொல்காவலையில் மலைநாட்டு ரயில் என்று எத்தனை மாற்றங்கள்!

"மாறி ஏறுவது எனக்குப் புதிதா, தம்பி? அப்பா ஒவ்வொரு இடத்தையும் முன்னமே சொல்லித்தான் கூட்டிவந்தார். நீயும் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்" என்றார்.

நாம் தலைகுனிந்தோம்.