தாராவிச் சந்தில் ஒரு தேக்குப் பலகை

சயான் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி நடந்தால் தொண்ணூறடி ரோடு வந்துவிடும். பெயரில்தான் தொண்ணூறு அடி. தார்ப்பாய்களும் கைவண்டிகளும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் பஸ்ஸுக்கும் நமக்கும். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், இங்கே நெல்லைத் தமிழில் இந்தியைத் தூவிப் பேசுகிறார்கள். “ஏலே, ஜரா ஓரமா நில்லு!” என்று ஒருவர் அதட்ட, யாரைச் சொன்னார் என்று பார்க்காமலே நானும் ஒதுங்கினேன்.

நான் தேடிப் போனது ஒரு மரப்பட்டறையை. வீட்டில் மேஜை மேல் வைக்கிற சின்ன திக்னஸ் பிளானரை வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகப் பலகை இழைக்கிறவன் நான். அந்த மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே தொல்லைதான். பலகை நடுவில் வழவழவென்று வரும். இரண்டு முனைகளில் மட்டும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு லேசாகப் பள்ளம் விழும். காகித கனம்தான். விரலுக்குத் தட்டுப்படும், பாலிஷ் ஏறியதும் ஊருக்கே தெரியும்.

பட்டறை ஒரு சின்ன அறை. மேலே ஆட்கள் தூங்கும் பரண், கீழே மெஷின். எட்டடிப் பலகையை இதற்குள் எப்படி இழைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு பலகை உள்ளே வந்தது. மெஷினுக்குள் நுழைந்தது, வாசல் வழியாகச் சந்துக்குப் போனது! சந்தில் ஒரு பையன் அதை ஏந்திக்கொண்டான். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண், பலகையின் முனை நீண்டதும் பேச்சை நிறுத்தாமலே விலகிப் போனார்.

மரமெல்லாம் இடித்த பழைய கட்டடங்களிலிருந்து வந்த பர்மா தேக்கு. மெஷினுக்குக் கொடுக்கும் முன் பட்டறைக்கார அண்ணாச்சி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பலகையின் இரு பக்கமும் ஓட்டிப் பார்க்கிறார். உள்ளே ஓர் ஆணி ஒளிந்திருந்தால் பிளேடு போச்சு.

பள்ளம் விழுவதற்குக் காரணம் எடைதான். சுழலும் பிளேடுக்கு முன்னால் ஓர் உருளை, பின்னால் ஓர் உருளை. நுழையும்போது முதல் உருளை மட்டும் பலகையைப் பிடித்திருக்கும். வெளியே நீண்டிருக்கும் வால் கனத்தில் தொங்க, தலை மேலே எழும்பிப் பிளேடில் கூடுதலாகக் கடிபடும். இரண்டாவது உருளை பிடித்ததும் சரியாகிவிடும். வெளியேறும்போது இதுவே தலைகீழாக நடக்கும். மெஷினின் தலை ஆடினாலும் இதே கதிதான். மக்கிட்டாவின் 12 அங்குல 2012என்பி மாடலில் தலை தானாகவே இறுகிக்கொள்ளும். இங்கே இருந்ததோ பெயர்கூட அழிந்துபோன பழைய மெஷின்.

“அதுக்கென்ன தம்பி, நாம பிடிச்சுக்கிட்டாப் போச்சு” என்றார் அண்ணாச்சி. இரு பக்கமும் பலகையைத் தாங்கும் தட்டுகளின் வெளி ஓரத்துக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு செருகியிருந்தது. அந்தக் காசின் கனம் போதும், வால் தொங்காது. அது போக, கடைசி நேரத்தில் “ஒரு நூல் தூக்குலே!” என்று சந்துப் பையனுக்குக் குரல் போகும். கடைசி இழைப்பில் அரை மில்லிக்கு மேல் எடுப்பதில்லை.

நான் அசந்து நின்றது இன்னொன்றைப் பார்த்து. பலகைகளை லோக்கல் ரயில் பெட்டிகள்போல ஒன்றின் வாலோடு ஒன்றின் தலையை ஒட்டி, இடைவெளி விடாமல் அனுப்புகிறார்கள். முன்னது போய்க்கொண்டிருக்கும்போதே பின்னது அதைத் தள்ளிக்கொண்டு நுழைவதால், உருளைகள் இரண்டும் சும்மா இருக்கும் நேரமே இல்லை. வரிசையின் முதலிலும் கடைசியிலும் அதே கனத்தில் வேண்டாத துண்டுகள். பள்ளமெல்லாம் அந்தத் துண்டுகளுக்கு. நீளம் கூட்டி வைத்து இழைத்துவிட்டு முனைகளை வெட்டி எறியச் சொல்பவர்கள் பர்மா தேக்கைக் காசு கொடுத்து வாங்கியதில்லை என்பது என் கட்சி.

இந்தப் பலகைகள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற தமிழ் வீடுகளுக்குப் பூஜை மண்டபமாகப் போகின்றன. மாட்டுங்காவில், 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸில் வரிசையில் நின்று காபி குடித்துவிட்டுச் செம்பூருக்குப் போனேன். சேடா நகர் முருகன் கோவில் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் அண்ணாச்சி செய்த மண்டபம் இருந்தது. சட்டமும் சட்டமும் சேருவது முனையில்தானே. அங்கே பள்ளம் இருந்தால் மூட்டில் இடுக்கு தெரிந்தே தீரும். நான்கு மூலையிலும் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் நகம் மாட்டவில்லை.

காபி டம்ளரோடு வந்த மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்ன அப்படித் தடவித் தடவிப் பார்க்கறேள்? காலம்பறதான் துடைச்சேன்!”