சுமைக் கணக்கு

ஜூன் 9, 2025, திங்கள்

இரவு பத்து மணிக்கு விளக்கணைத்துப் படுத்துவிடுவது என்று இந்தச் சரஸ்வதிபுரம் வீட்டில் நெடுங்காலமாகப் பங்கமின்றி நடந்துவந்த நியமம், பேரன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அன்றே குலைந்துவிட்டது. மாடியறையில் அவன் நிறுவியிருக்கிற கணினி, பக்கச்சுவருக்குப் பதில் கண்ணாடி பதித்து, உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்குகள் மாறி மாறி ஒளிர, இரவெல்லாம் விழித்திருந்து பகலில் உறங்குகிறது, அவனும் அப்படியே. எத்தனை நாள் தங்கப் போகிறான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நேற்று நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும், மாடியில் "சே!" என்று ஒரு குரல் கேட்டுப் பதறி ஏறிப் போனேன். விளையாட்டு உச்சகட்டத்தை எட்டிய தருணத்தில் யந்திரம் தானாக அணைந்துவிட்டதாம். வீட்டில் மின்சாரம் போகவில்லை; தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "பவர் சப்ளை பத்தல தாத்தா, நீங்க போய்ப் படுங்க" என்றான்.

படுத்தேன், தூக்கம் வரவில்லை.

ஜூன் 10

மறுபடியும் அணைந்தது. இம்முறை "சே" இல்லை.

ஜூன் 12, வியாழன்

அவனுக்குக் காலையும் எனக்குப் பதினொன்றரை மணியுமான வேளையில், காப்பிக் கோப்பையோடு என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, ஒரு காகிதம் கேட்டான். ஆயுள் முழுதும் வங்கியில் பற்றும் வரவும் எழுதிக் கழித்த எனக்கு, இந்த யந்திரத்தின் வியவகாரமும் முடிவில் ஒரு கணக்குத்தான் என்று தெரிந்தபோது ஒருவித உற்சாகமே பிறந்தது.

கணக்கு இது: கிராபிக்ஸ் கார்டு, அதாவது ஆர்.டி.எக்ஸ். 5090 என்கிற பலகை, உச்சத்தில் 575 வாட் கேட்கிறது. பிராசஸர் 162 வாட் வரை போகும். மதர்போர்டு, நினைவகம், குளிர்விக்கும் விசிறிகள், விளக்குகளின் ஆடம்பரம் எல்லாவற்றுக்கும் ஓர் எண்பது வைத்துக்கொள்ளலாம். ஆக, எண்ணூறைத் தாண்டுகிறது. அவனிடம் இருக்கிற சப்ளையோ கல்லூரி நாளில் வாங்கிய 750 வாட். அது எப்படி இதுவரை ஓடிற்று என்று கேட்டேன். எல்லாப் பாகமும் எப்போதும் ஒருசேர உச்சத்தில் இராது என்றும், ஆனால் கார்டானது ஒரு க்ஷணத்தில், க்ஷணம் என்பதுகூட மிகை, விநாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கில், தன் அளவை மீறி மின்சாரத்தை இழுக்கும் சுபாவம் உடையது என்றும், அந்தத் திடீர் இழுப்பைப் பழைய சப்ளை அபாயம் என்று கருதித் தற்காப்பாகத் தன்னை அணைத்துக்கொள்கிறது என்றும் விளக்கினான். 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்கிற விதிமுறையும் அதற்குப் பின் வந்த 3.1உம், குறிப்பிட்ட அளவைப்போல் இருமடங்கு இழுப்பை அந்த நூறு மைக்ரோ விநாடிக்குத் தாங்கியாக வேண்டும் என்று விதிக்கின்றனவாம். கார்டைச் செய்த நிறுவனமே 1000 வாட்டுக்குக் குறையாத சப்ளை வேண்டும் என்கிறது.

"அப்படியானால் ஆயிரமா?"

"ஆயிரத்து இருநூறு இருந்தா நிம்மதி" என்றான்.

கார்டின் விலையைக் கேட்டேன். இந்தியாவில் அது அறிமுகமானபோது அறிவித்த விலை 2,14,000 ரூபாய். கடைகளில் அதற்கும் மேல். நான் வாயைத் திறக்குமுன் அவனே, "அது செட்டில்மென்ட் பணம் தாத்தா" என்று சொல்லி, கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

ஜூன் 13

"எண்ணூறு வாட்டு குடிக்குதே, அதுல ஒரு வேளைச் சோறாவது வேகுமா?" என்று இவள் கேட்கிறாள். கேள்வி நியாயமானது. எங்கள் மின்சாரக் குக்கர் 700 வாட்.

ஜூன் 18, புதன்

தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று இந்தச் சப்ளைகளுக்குப் பட்டங்கள் இருக்கின்றன. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் என்கிற தரச் சான்றின் படிகள் அவை: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு கணினியைச் சேருகிறது, எவ்வளவு வெறும் உஷ்ணமாக வீணாகிறது என்பதுதான் அளவுகோல். நம் 230 வோல்ட்டில், பாதிச் சுமையில், தங்கத்துக்கு 92 விழுக்காடு, டைட்டானியத்துக்கு 96. பையனின் சிநேகிதர்கள் டைட்டானியத்துக்குக் குறைந்து எதையும் வாங்குவது பாவம் என்கிற அபிப்பிராயம் உடையவர்கள் போலிருக்கிறது. சராசரியாக 500 வாட் ஓடுகிற யந்திரம், நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால், தங்கத்துக்கும் டைட்டானியத்துக்கும் உள்ள வித்தியாசம் வருஷத்துக்கு ஐம்பது யூனிட். யூனிட் ஆறு ரூபாய்க்குள் வைத்தால் முந்நூறு ரூபாய்கூட இல்லை. விலையில் உள்ள வித்தியாசமோ பல்லாயிரம். பத்து வருஷம் உழைத்தாலும் அசல் தேறாத முதலீட்டுக்கு எந்த வங்கி மேலாளரும் கையெழுத்திட மாட்டான். தங்கம் போதும் என்று தீர்ப்பளித்தேன்.

ஆனால் அதே காகிதத்தில் வேறொரு தொகை என் கண்ணில் பட்டது. மாதத்துக்குச் சுமார் 98 யூனிட் இந்த யந்திரம் மட்டும் எடுக்கும். எங்கள் வீட்டுச் செலவு 110. அரசின் இலவச மின்சாரத் திட்டமான க்ருஹஜோதியில் இருநூறு யூனிட் தாண்டினால் சலுகை போய் முழுக்கட்டணமும் நம் தலையில். இதை அவனிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்துக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

மாலையில் அவனே சொன்னான்: "ஆயிரமே போதும் தாத்தா. ஆயிரத்து இருநூறெல்லாம் ஓவர்."

ஜூன் 24, செவ்வாய்

மழை. அவன் அப்பன் தொலைபேசியில் அழைத்து, "ஏதாவது சொன்னானாப்பா?" என்று கேட்டான். வாட்டைப் பற்றி நிறையச் சொன்னான் என்றேன்.

ஜூன் 26

850 கூடப் போதுமாம். ஓட்டும் வேகத்தைச் சற்றுக் குறைத்து, கார்டின் பசிக்கு ஓர் எல்லை கட்டிவிட்டால் சமாளித்துவிடலாமாம். ஆயிரத்து இருநூறு ஆயிரமாகி, ஆயிரம் எண்ணூற்றைம்பதாகிவிட்டது. விலைப் பட்டியலை நானும் பார்த்திருக்கிறேன். எண் ஒவ்வொரு படி இறங்குகிறபோதும் எத்தனை ரூபாய் மிச்சமாகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரு பலகைக்குக் கொடுத்தவன் ஐயாயிரத்துக்கு எல்லை கட்டுகிறான் என்றால், அந்தப் பலகையை வாங்கிய நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் பணம் வரும் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்று அவன்மீது எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்? சாப்பாட்டின்போது இருவரும் பேசவில்லை.

ஜூன் 30, திங்கள்

கிருஷ்ணராஜசாகரம் நிரம்பிவிட்டது. ஜூன் மாதத்திலேயே அணை நிரம்புவது அது கட்டிய நாளிலிருந்து இதுவே முதல் தடவை என்கிறார்கள். முதலமைச்சர் இன்று வந்து காவிரிக்குப் பாகினம் சமர்ப்பித்தார். எனக்கோ இந்தத் தேதி வேறொரு காரணத்தால் மனப்பாடம். 1902ஆம் வருஷம் இதே ஜூன் 30ஆம் நாள்தான் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம், தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பியில் பிரயாணம் செய்து, கோலார் தங்கவயலின் யந்திரங்களைச் சுழற்றத் தொடங்கிற்று. அந்நாளில் உலகத்தின் மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று. அந்த ஏற்பாட்டுக்கு வித்திட்ட திவான் சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முந்தைய வருஷமே காலமாகிவிட்டார். பெங்களூர்த் தெருக்களில் விளக்கெரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான்.

என் தகப்பனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கும் யந்திரத்தில் வேலை பார்த்தவர். மின்சாரம் என்பது எவ்வளவு வருகிறது என்பதல்ல, நின்றுபோகிற அந்த ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிறது என்பதுதான் என்று அவர் அடிக்கடி சொல்வார். கூண்டு பாதிவழியில் இருக்கும். உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

இதைப் பேரனிடம் சொன்னேன். அவன் எழுந்துபோய்ப் பழைய சப்ளையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். திறக்கக் கூடாது, பிளக்கை உருவிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும் என்று எச்சரித்துவிட்டு, காற்றுத் துளைகளின் வழியே டார்ச் அடித்துக் காட்டினான். கட்டைவிரலைவிடத் தடித்த, உச்சியில் சிலுவைக் கீறல் உடைய ஒரு கறுப்பு உருளை தெரிந்தது. கபாசிட்டர். வெளியே மின்சாரம் அறுபட்டால் இது தன்னிடம் தேக்கியதைக் கொடுத்து, முழுச் சுமையில் குறைந்தது 12 மில்லி விநாடியும், எண்பது விழுக்காட்டுச் சுமையில் 17 மில்லி விநாடியும் கணினியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது விதி, அதற்குள் யு.பி.எஸ். விழித்துக்கொள்ளும். கோடையில் காவிரி மெலிந்தாலும் சிவசமுத்திரத்து யந்திரங்கள் நிற்காதிருக்க வேண்டும் என்பதும் கிருஷ்ணராஜசாகரம் எழும்பியதற்கு ஒரு காரணம். அந்த அணை கோடை முழுதுக்கும் செய்கிற உத்தியோகத்தை இந்தக் கறுப்பு உருளை ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்குக்குச் செய்கிறது.

"சுமை குறைவாயிருந்தால் இன்னும் சற்று நேரம் தாங்குமோ?"

"தாங்கும் தாத்தா."

"அப்படியானால் ஆயிரத்து இருநூறு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணூறுக்கு ஆயிரத்து இருநூறு என்றால் மூன்றில் இரண்டு பங்குச் சுமைதானே என்று நான் மேலே விவரிக்கத் தொடங்கியபோது, "மார்ச்லயே போயிடுச்சு, எங்க டீம் முழுக்க" என்றான். டார்ச்சை அணைக்காமல் அப்படியே கையில் வைத்திருந்தான்.

ஜூலை 5, சனி

கடைக்குப் போனோம். தேவராஜ அரசு சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது, சப்ளை தேர்ந்தெடுப்பதைவிடக் கடினம்.

கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். முதலில் என்னிடம் இரண்டு சப்ளைகளை, ஒரு கையில் ஒன்றாகக் கொடுத்து, "எது பாரம் சொல்லுங்க சார்" என்றார். இரண்டும் ஒரே வாட் எண்ணை அச்சிட்டவை. ஆனால் ஒன்று மற்றதைக் காட்டிலும் தெளிவாகக் கனத்தது. கனமெல்லாம் தரம் என்று சொல்ல முடியாது, ஆனால் வெறுங்கூடு கனக்காது என்பது அவருடைய சித்தாந்தம். அதன்பின் பையன் கேட்ட கேள்விகளைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது: கபாசிட்டர்கள் 105 டிகிரி தாங்குபவையா, 12 வோல்ட் தடத்தில் நூறு ஆம்பியர் வருகிறதா, கார்டுக்கான பதினாறு ஊசி இணைப்பு புதிய வகையா என்றெல்லாம். அந்த இணைப்பில் ஒரு கதை இருக்கிறது. 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஐம்பது ஆம்பியர். அது ஆறு மெல்லிய ஊசிகள் வழியே போகிறது. 2022இன் கடைசியில் பல நாடுகளில் இந்த இணைப்புகள் உருகிய செய்திகள் வந்து, மறு வருஷம் அமைப்பைத் திருத்தினார்கள். திருத்திய பிறகும் கடைசிவரை அழுத்திச் செருகுவது நம் பொறுப்பு.

பழைய சப்ளையின் கேபிள்களையே புதிதுக்கும் மாட்டிக்கொள்ளலாமா என்று பையன் கேட்டதும் கடைக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கணினிப் பக்கத்து முனைகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், சப்ளைப் பக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி கம்பிகளை அமைக்கிறது. மாற்றிச் செருகினால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய்ச் சகலமும் சாம்பலாகும்.

ஏ.டி.எக்ஸ். 3.1, 1200 வாட், தங்கம். பணம் கொடுக்கும்போது பையன் தன் கார்டை நீட்டினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

ஜூலை 6

இரவு முழுதும் அணையவில்லை. ஒன்றரை மணிவரை நானும் விழித்திருந்து கேட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

இவள் மாடியறையைப் பெருக்கப் போய், கணினிப் பெட்டியின் ஓரத்தைத் தொட்டுக் கையை உதறிக்கொண்டு வந்தாள். டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிகிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்தோம், அறுபது வயதுக்காரர், மீட்டர், கருவி என்று எதையும் நம்புவதில்லை, ஒரு ஹோல்டரில் நூறு வாட் குண்டு பல்பும் இரண்டு கம்பியும்தான் அவருடைய ஆயுதம். ஒரு கம்பியை ஃபேஸிலும் மற்றொன்றை நியூட்ரலிலும் வைத்தார், பல்பு எரிந்தது. நியூட்ரலிலிருந்து எடுத்து, மேலே இருக்கிற அந்தப் பெரிய துளையில் வைத்தார். பல்பு இருண்டே கிடந்தது. "எர்த்தே இல்லீங்களே ஐயா, இதுல போயி இவ்வளவு பெரிய மெஷினா?" என்றார். எர்த் இல்லாவிட்டால், சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்டுகிற சிறு கபாசிட்டர்கள் கசியவிடுகிற மின்சாரம் போக்கிடமின்றிப் பெட்டியின் தகட்டிலேயே நிற்கும். முற்றத்துக்கு டைல்ஸ் போட்ட காலத்தில் எர்த் குழி அதற்கடியில் போய், கம்பியும் துருப்பிடித்து அறுந்திருந்தது.

ஒரு மாதமாக எண்ணூற்றைம்பதா, ஆயிரமா, ஆயிரத்து இருநூறா என்று இந்த மேஜையில் விவாதித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜூலை 10

தோட்டத்து மூலையில் புதுக் குழி. குழாய், கரி, உப்பு. பையன் பகலில் விழித்திருந்து, தானே கடப்பாரை பிடித்தான். மாடியறைக்குத் தனிக் கம்பி இழுத்து 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வைத்தாயிற்று. பெரிய துளையில் வைத்தபோது பல்பு முழு ஒளியோடு எரிந்தது.

ஜூலை 16, புதன்

வெள்ளிக்கிழமை பெங்களூரில் ஒரு நேர்காணல் என்று இவளிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. கிடைத்தால் யந்திரத்தையும் கொண்டுபோவானா, இங்கேயே விட்டுப் போவானா என்று இவள் கேட்கிறாள். எனக்குத் தெரியாது.

சப்ளைக்கு உத்தரவாதம் பத்து வருஷம். ரசீது என் பெயரில் இருக்கிறது. வீட்டுவரிச் சீட்டுகளோடு அதே கோப்பில் வைத்திருக்கிறேன். 2035 ஜூலை வரை செல்லும்.