கேட்க ஆளில்லாத கட்டடம்

ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசியில் அவர் ஒரு சிறிய அட்டவணையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மும்பைக் கடலில் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும் என்ற கணக்கு அது. 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களைச் சிவப்பு மையால் சுழித்திருப்பார். அந்த நேரத்தில் கனமழையும் சேர்ந்துகொண்டால் வடிகால்களின் வாய் கடலில் மூழ்கிவிடும். ஊரில் பெய்த தண்ணீர் போக வழியில்லாமல் கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் தேங்கி நிற்கும். அன்றைக்கு அவர் வீட்டுக்கு எப்போது வருவார் என்று மனைவி கேட்பதில்லை. மாநகராட்சி நிருபரின் வீட்டில் பஞ்சாங்கம் பார்ப்பது இப்படித்தான்.

பத்திரிகை அலுவலகங்களில் இந்த வேலைக்குப் பெரிய மதிப்பு கிடையாது. அனுபவஸ்தர்கள் மந்திராலயத்துக்குப் போவார்கள். அமைச்சர்களின் பெயர் சொல்லிப் பேசுவார்கள். புதிதாகச் சேர்ந்த பையனைக் கார்ப்பரேஷனுக்கு அனுப்புவார்கள். தாராவியில் பிறந்து வளர்ந்த அவர், 1990களின் இறுதியில் ஓர் ஆங்கில நாளேட்டில் சேர்ந்தபோது அப்படித்தான் அனுப்பப்பட்டார். இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுவதாகச் சொன்னார்கள். மாற்றவில்லை. பிறகு அவரும் கேட்கவில்லை.

கட்டடம் ஒரு காரணமாக இருக்கலாம். விக்டோரியா டெர்மினஸுக்கு எதிரே நிற்கும் அதையும் அந்த ரயில் நிலையத்தையும் வடிவமைத்தவர் ஒருவரே: எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். 1884இல் அடிக்கல் நாட்டியவர் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு யார் பெயரோ அவரேதான். நகரங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நடத்த வேண்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்தவர். 1893இல் முடிந்த கட்டடத்தின் முன்னால் பெரோஸ்ஷா மேத்தா சிலையாக நிற்கிறார்.

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888ஆம் ஆண்டினது. அதன் ஏற்பாடு எளிமையானது. வேலைகளைச் செய்பவர் ஆணையர். அவரை நியமிப்பது மாநில அரசு. பெரிய ஒப்பந்தங்களுக்கு அனுமதி தருவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்ட நிலைக்குழு. அது வாரம் ஒருமுறை கூட வேண்டும். அதாவது செலவு செய்யும் கை ஒன்று, பையின் வாயைப் பிடித்திருக்கும் கை இன்னொன்று.

அலுவல் எல்லாம் மராத்தியில். இதில்தான் அவர் முதலில் வழுக்கி விழுந்தார். ஒரு தீர்மானம் 'தப்தரி தாகல்' ஆனது என்று கேள்விப்பட்டு, தாக்கல் ஆகிவிட்டது, இனி விவாதத்துக்கு வரும் என்று எழுதிவிட்டார். தமிழ்க் காது அப்படித்தானே கேட்கும்? நம் நீதிமன்றத்திலும் சட்டசபையிலும் தாக்கல் என்றால் ஒன்றைப் பிறர் முன்னே வைப்பது. அங்கே அதன் பொருள் நேர் எதிரானது. கோப்பில் போட்டுக் கட்டிவிட்டார்கள், கதை முடிந்தது என்று அர்த்தம். மறுநாள் பத்திரிகையில் திருத்தம் வந்தது. ஒரே சொல் ஓர் ஊரில் பிறப்பையும் இன்னோர் ஊரில் சாவையும் குறிப்பதை அவர் அதற்குப் பிறகு மறக்கவில்லை. 

மெல்ல மெல்ல மற்றவையும் பிடிபட்டன. 'ஹரகதீச்சா முத்தா' என்று ஒரு கார்ப்பரேட்டர் எழுந்தால் ஒழுங்குப் பிரச்னை. அவர் வார்டில் ஏதோ நடந்திருக்கிறது. 'தஹகூப்' என்றால் ஒத்திவைப்பு. யாரோ கோபமாக இருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்குத் தீர்மானக் காகிதங்கள் போய்ச் சேரும். அவர்களில் யாராவது ஒருவர் ஒரு பிரதியை இவர் கையில் திணிப்பார். கொடுப்பவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். எதிர்க்கட்சியாக இருக்கலாம், ஒப்பந்தம் கிடைக்காதவரின் நண்பராக இருக்கலாம். அதைப் பற்றி இவர் கவலைப்படவில்லை. காகிதம் காகிதம்தான்.

சாக்கடை தூர் வாரும் ஒப்பந்தம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அள்ளிய சேற்றுக்கு டன் கணக்கில் பணம். ஆகவே எடைமேடைச் சீட்டுகளைக் கேட்டு வாங்க வேண்டும். லாரி எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒரே லாரி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நின்றதாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்த ஊரில் சேற்றின் எடை வெறும் கணக்கு விவகாரம் அல்ல.

ஆனாலும் கார்ப்பரேட்டர்கள் மேல் அவருக்கு மரியாதை இருந்ததில்லை. கூச்சல், வெளிநடப்பு, மைக்கைப் பிடுங்குவது. உள்ளே பேரம் நடக்கிறது என்று ஊர் பேசும், அவரும் நம்பினார். இவர்கள் இல்லாவிட்டால் நகரம் நன்றாக இருக்கும் என்று மாலையில் டீக்கடையில் சொல்வார்.

2022 மார்ச் 7 அன்று அவர் சொன்னது நடந்தது. 227 கார்ப்பரேட்டர்களின் பதவிக்காலம் முடிந்தது. வார்டு எல்லை, இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு என்று வழக்குகள் நீண்டு தேர்தல் தள்ளிப்போனது. ஆணையரே நிர்வாகியானார். தீர்மானத்தை அனுப்புகிறவரும் அவர், அனுமதிக்கிறவரும் அவர். செலவு செய்யும் கையும் பையின் வாயைப் பிடிக்கும் கையும் ஒரே உடம்பில் சேர்ந்துவிட்டன.

முதலில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வாராந்திரக் கூட்டம் இல்லை. மாலையில் நேரத்தோடு வீடு. சில வாரங்கள் கழித்துத்தான், தன் மேஜை காலியாக இருப்பதைக் கவனித்தார். காகிதம் வரவில்லை. மறைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்பவர் இல்லாததால் யாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டார். பதிலுக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். அதற்குள் ஒப்பந்தக்காரர் ரோட்டைத் தோண்டியிருப்பார்.

தாராவியிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். ஜி-நார்த் வார்டில் அவர் சந்தில் குழாய் உடைந்திருந்தது. "பழைய நகர்சேவக்கிட்ட போனேன் தம்பி. நான் இப்ப யாருமில்லம்மான்னுட்டாரு. நீங்க பேப்பர்லதானே இருக்கீங்க, சொல்லக் கூடாதா?" அவர் வார்டு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுச் சொன்னார். குழாய் சரியானது. அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் அழைத்தார்கள். அவருக்குச் சங்கடமாக இருந்தது. கார்ப்பரேட்டரின் வேலை தன்னிடம் வந்திருக்கிறது. கார்ப்பரேட்டரின் உரிமை வரவில்லை. பதில் சொல்லியாக வேண்டும் என்று எந்த அதிகாரியையும் அவர் கட்டாயப்படுத்த முடியாது. தவிர, அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. நாளை அவர் போனை எடுக்காவிட்டால் அந்த அம்மாள் யாரைத் தோற்கடிப்பார்?

2024-25க்கான பட்ஜெட் ஏறத்தாழ ரூ. 59,955 கோடி. 2025-26இல் ரூ. 74,427 கோடி. அவற்றின் ஒரு வரியைக்கூட விவாதிக்க, வெட்ட, ஒரு வார்டுக்காகச் சண்டை போட சபையில் ஓர் ஆள் இல்லை.

ஒரு விடுமுறை நாளில் அவர் தன் பழைய செய்தி நறுக்குகளை எடுத்துப் பார்த்தார். சண்டை, வெளிநடப்பு, மைக். எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. அதே கூட்டங்களில் விவாதமின்றி நிறைவேறிய தீர்மானங்கள் கடைசிப் பத்தியில் இரண்டு வரியில் இருந்தன, சிலவற்றில் அதுவும் இல்லை. கேள்வி கேட்கும் உரிமை கண்ணெதிரே உயிரோடு இருந்த காலத்தில் அதை வேடிக்கைச் செய்தியாக்கியவர்களில் தானும் ஒருவர் என்று அவருக்குத் தோன்றியது. ஊர் கார்ப்பரேட்டர்களின் இழப்பை உணராமல் போனதற்கு அவர் எழுத்தும் ஒரு காரணம்.

இது மும்பையின் துக்கம் மட்டுமல்ல. சென்னையில் 1973 முதல் 1996 வரை 23 ஆண்டுகள் மாமன்றம் இல்லை. 2016 முதல் 2022 வரை மீண்டும் இல்லை. பெங்களூரில் 2020 செப்டம்பரில் முடிந்த மன்றத்துக்கு 2025 முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடியுமுன் தேர்தல் நடக்க வேண்டும் என்று 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. சட்டசபைக்கு இப்படி நேர்ந்தால் நாடு கொதித்திருக்கும். 

உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2026 ஜனவரி 15 அன்று மும்பை வாக்களித்தது. மறுநாள் எண்ணிக்கை. அலுவலகத்தில் எல்லோரும் எந்தக் கட்சிக்கு எத்தனை என்று கூட்டிக்கொண்டிருந்தபோது, அவர் ஜெயித்தவர்களின் தொலைபேசி எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் கார்ப்பரேஷனுக்கு அனுப்பப்பட்டிருந்த பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் ஒரு கூட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"கமிட்டி கூடினால் என்ன சார் எழுதணும்?"

"சண்டை போடுவாங்க. அதைக் கடைசியில எழுது" என்றார் அவர். பிறகு நோட்டை மூடிவிட்டு, "முதல்ல உனக்கு மராத்தியில ஒரு வார்த்தை சொல்லித் தரணும்" என்று தன் பழைய திருத்தத்தின் கதையை ஆரம்பித்தார்.