பெடர்னாலஸ் ஆற்றங்கரைச் சில்லி

தொலைநாடு சென்று மீள்வோர் அங்குக் கண்ட மாளிகைகளையும் பாலங்களையும் பற்றி எழுதுவது வழக்கம். நாங்கள் எழுதப் புகுவதோ ஒரு குழம்பைப் பற்றி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரத்து வீதிகளில் புகழ் பெற்ற குழம்பு அது. 'சில்லி கான் கார்னே' என்பது அதன் முழுப் பெயர். இறைச்சியோடு கூடிய மிளகாய் என்பது பொருள். ஊரார் 'சில்லி' என்றே சுருக்கி வழங்குகின்றனர்.

எங்கள் மகன் அந்நகரில் பணிபுரிகிறான். இளவேனிற் காலத்தில் தில்லியிலிருந்து புறப்பட்டு அவன் இல்லம் சேர்ந்தோம். புறப்படும்போது எங்கள் உள்ளத்தில் ஒரு கலக்கம் இருந்தது. எங்களில் ஒருவருக்கு 2 ஆண்டுகளுக்கு முன் இருதய நோய் கண்டிருந்தது. உப்பையும் கொழுப்பையும் குறைக்குமாறு மருத்துவர் பணித்துவிட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் உணவு வேளை மௌன வேளையாக மாறியிருந்தது. பரிமாறுபவர் அஞ்சிப் பரிமாறுவார். உண்பவர் தண்டனை பெற்றவர் போல் உண்பார். அயல்நாட்டில் இது எவ்வாறு நடக்குமோ என்பதே எங்கள் கவலை.

சான் அன்டோனியோ 1718-ல் ஸ்பானியர் அமைத்த ஊர். அலமோ கோயிலையும், நகரின் நடுவே வளைந்து செல்லும் ஆற்றையும் கண்டபின், 'படைச் சதுக்கம்' எனப் பொருள்படும் பெயர் கொண்ட இடத்திற்கு மகன் எங்களை அழைத்துச் சென்றான். இன்று நகர மண்டபம் நிற்கும் அவ்விடத்தில், 1880-களில் மாலைதோறும் விளக்கேற்றிய மேசைகள் வரிசையாக நின்றன. மெக்சிக்க இனப் பெண்கள் தத்தம் வீடுகளில் சமைத்த சில்லியைக் கொணர்ந்து, கணப்பில் சூடேற்றி, வண்டிக்காரருக்கும் படைவீரருக்கும் வழிப்போக்கருக்கும் வழங்கினர். 'சில்லி அரசிகள்' என்று ஊர் அவர்களை அழைத்தது. 1893-ல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியிலும் சான் அன்டோனியோ சில்லிக் கடை ஒன்று இடம் பெற்றது. ஆயினும் நகர மண்டபம் எழுந்தபோது அப்பெண்கள் வேறு சதுக்கங்களுக்குப் பெயர நேர்ந்தது. 1930-களில் சுகாதார விதிகள் கடுமையாயின. 1940-களின் தொடக்கத்தில் அவர்தம் திறந்தவெளி மேசைகள் மறைந்தே போயின. 1977-ல் டெக்சாஸ் அரசு சில்லியைத் தன் மாநில உணவாக அறிவித்தது. குழம்புக்குப் பட்டம் கிடைத்தபோது, அதற்குப் பெயர் தேடித் தந்த அரசிகள் சதுக்கத்தில் இல்லை.

அக்குழம்பின் மணம் எங்களுக்குப் புதிதாகத் தோன்றவில்லை. காரணம் சீரகம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். சீரகம் பழைய உலகத்தின் பயிர். ஸ்பானியர் வழியாகச் சீரகம் அங்குச் சென்றது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக மிளகாய் நம்மிடம் வந்தது. மிளகை மட்டுமே அறிந்திருந்த நம் முன்னோர் புதிய காய்க்கு 'மிளகாய்' என்று உறவுப் பெயர் சூட்டினர். இரு பொருள்களும் எதிரெதிர்த் திசையில் கடல் கடந்து, நம் சட்டியிலும் அவர்கள் சட்டியிலும் ஒன்று கூடின.

மறுநாள் வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சென்று ஜான்சன் சிட்டியை அடைந்தோம். சாலையின் இருமருங்கும் நீலநிறப் 'புளூபானெட்' மலர்கள் பூத்திருந்தன. அமெரிக்காவின் 36-ஆவது குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வளர்ந்த ஊர் அது. சற்று மேற்கே, பெடர்னாலஸ் ஆற்றங்கரையில் அவருடைய பண்ணை உள்ளது.

ஜான்சன் சில்லியில் பெருவிருப்பம் கொண்டவர். 1955 ஜூலையில், செனட் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தபோது, 46 வயதில் அவருக்குக் கடும் மாரடைப்பு நேர்ந்தது. அதன்பின் சில்லியை அவர் துணைவியார் லேடி பேர்டு அடியோடு விலக்கவில்லை; அதன் செய்முறையைத் திருத்தினார். வழக்கமாகச் சேர்க்கும் மாட்டுக் கொழுப்பை நீக்கினார். கொழுப்புக் குறைந்த மான் இறைச்சியும் பயன்பட்டது. கொதிக்கையில் மேலே மிதக்கும் நெய்ப்பசை எடுக்கப்பட்டது. வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி முதலியன நின்றன. 'பெடர்னாலஸ் ஆற்றுச் சில்லி' என்ற அச்செய்முறையைக் கேட்டு எழுதியவர் பலராதலின், அதனை அட்டையில் அச்சிட்டே அனுப்பினர்.

பண்ணையில் ஓக் மரநிழலில் இருவர் கல்லறைகளும் அருகருகே உள்ளன. பதவியினின்று விலகியபின் ஜான்சன் மீண்டும் புகைபிடிக்கத் தொடங்கினார். 1973-ல் தம் 64-ஆம் வயதில் அப்பண்ணையிலேயே மாரடைப்பால் மறைந்தார். லேடி பேர்டு 94 வயது வரை வாழ்ந்து 2007-ல் மறைந்தார். ஒரு குழம்பு ஓர் உயிரைக் காத்துவிடும் என்று நாங்கள் எண்ணவில்லை. ஆனால் விரும்பிய உணவைப் பறிக்காமல் திருத்திக் கொடுத்த அன்பை எண்ணி, அங்குச் சற்று நேரம் பேசாது நின்றோம்.

அன்றிரவு எங்கள் மருமகள் சில்லி சமைத்தாள். டெக்சாஸ் மரபில் அதில் அவரை விதைக்கு இடமில்லை. டெர்லிங்குவா என்னும் பாலைநிலச் சிற்றூரில் 1967-ல் தொடங்கிய புகழ்பெற்ற சில்லிப் போட்டிகளும் அம்மரபைப் போற்றுபவை. எனினும் அமெரிக்காவின் பிற பகுதிகளில் சிவப்பு அவரை சேர்ப்பது பெருவழக்கு. அது வேறன்று, தில்லியில் நாம் அன்றாடம் காணும் ராஜ்மாவே. புலால் உண்ணாத எங்களுக்கு அதுவே வழியாயிற்று.

அவள் செய்த முறையை இல்லத்தரசியரின் பொருட்டுத் தருகிறோம். ஐவருக்கு 250 கிராம் ராஜ்மா போதும். அதை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குறைந்தது 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மெத்தென வேகும்வரை வைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப்பொருள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் அது அழியாது. 6 காஷ்மீர் மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து அரைத்தால் நிறம் மிகும், காரம் மிகாது. 2 தேக்கரண்டி எண்ணெயில் 2 வெங்காயமும் 6 பல் பூண்டும் வதக்கி, வறுத்துப் பொடித்த சீரகம் 1 தேக்கரண்டி, மிளகாய் விழுது, 5 தக்காளி, வெந்த ராஜ்மா ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, அரைமணி நேரம் கொதிக்க விட வேண்டும். அவர்கள் இடும் ஆரிகானோ இலை கிடைக்காவிடில், நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியில் இரண்டு இலை கிள்ளிப் போடலாம். மணம் ஏறக்குறைய ஒத்திருக்கும். சட்டி முழுமைக்கும் அரைத் தேக்கரண்டி உப்பே இட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் உப்பின் குறை தோன்றாது. கடையில் விற்கும் சில்லிப் பொடியிலும் டப்பாத் தக்காளியிலும் பெரும்பாலும் முன்னரே உப்பு உண்டென்பதை மறத்தலாகாது. இறைச்சி சேர்ப்போர் முதல்நாளே சமைத்துக் குளிரவைத்தால், உறைந்த கொழுப்பை எளிதில் அகற்றலாம். சிறுநீரக நோயுடையோர் மட்டும் ராஜ்மாவும் தக்காளியும் தமக்கு ஏற்றவையா என்று மருத்துவரைக் கேட்டறிதல் நன்று.

மருமகள் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள். "மாமா, உப்பு குறைவாகத்தான் போட்டேன். போதுமா?" என்றாள்.

அவர் ஒரு கரண்டி சுவைத்தார்; மறு கரண்டியும் எடுத்தார். "போதும் அம்மா. இன்னும் கொஞ்சம் போடு" என்றார். உப்பை அன்று, குழம்பை.

இப்போது தில்லியில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் இக்குழம்பு கொதிக்கிறது. உணவு வேளையில் பேச்சும் திரும்பியிருக்கிறது.