போலீஸ் யார், திருடன் யார்?

கான்டனீஸ் படம் என்றாலே நம்மூரில் ஜாக்கி சான் அடிதடிதான். 2002ல் வந்த 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' வேறு ரகம். ரவுடிக் கும்பலுக்குள் ஒரு போலீஸ் (டோனி லியுங்), போலீசுக்குள் ஒரு ரவுடி (ஆண்டி லாவ்). துப்பாக்கிச் சத்தம் குறைவு, பதைபதைப்பு அதிகம். கடைசியில் நல்லவன் சாகிறான். கெட்டவன் போலீசாகவே தப்பிக்கிறான். சீனாவுக்காக அவன் கைதாவதுபோல் இன்னொரு முடிவையே எடுத்தார்கள்!

சாத்தான்குளத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது வெறும் கதையாகத் தெரியாது. 2020 ஜூனில், ஊரடங்கில் கடையை மூடவில்லை என்று இங்கே போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. 9 போலீசார் மீது சிபிஐ கொலைக் குற்றம் சாட்டியது. விடிய விடிய அடித்ததைச் சாட்சி சொன்னவர், அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர்.

ஒரே கூரை, ஒரே காக்கி... உள்ளே இருப்பது யார்? அந்தப் படம் கேட்பதும் இதைத்தானே!